க்ரெமான் என்பது மலிவு விலை ஷாம்பேனா? எப்படித் தயாரிக்கிறார்கள்?

கேள்வி: பிரான்சில் இருக்கும் சொந்தக்காரர்கள் "ஷாம்பேனுக்கு ஏன் இவ்வளவு செலவு, க்ரெமான் வாங்குங்கள்" என்கிறார்கள். விலை பாதிகூட இல்லை. அது உண்மையில் என்ன? தரத்தில் மட்டமானதா?

பதில்:

மட்டமானது இல்லை, நகலும் இல்லை. ஷாம்பேன் எந்த முறையில் தயாராகிறதோ அதே முறையில்தான் க்ரெமானும் தயாராகிறது. குமிழி பாட்டிலுக்குள்ளேயே உருவாக வேண்டும் என்பதுதான் அந்த முறையின் உயிர். ஷாம்பேன் வட்டாரத்தில் செய்தால் ஷாம்பேன். அதற்கு வெளியே, சட்டம் வரையறுத்த எட்டுப் பகுதிகளில் செய்தால் க்ரெமான். ஆல்சாஸ், லுவார், பர்கண்டி, போர்தோ, லிமூ, ஜூரா, சவோய், தீ என்று அந்த எட்டும் பிரான்சின் நாலா பக்கமும் சிதறிக் கிடக்கின்றன.

நான் ஆல்சாஸில், கொல்மாருக்குப் பக்கத்தில், திராட்சை விவசாயிகளின் கூட்டுறவு ஒயின் நிலையம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். அதனால் எனக்குத் தெரிந்த பகுதியை வைத்தே சொல்கிறேன். மற்ற இடங்களில் திராட்சை ரகம் மாறும், வேலை பெரிதாக மாறாது.

அறுவடையிலிருந்தே கதை தொடங்குகிறது. க்ரெமானுக்கான திராட்சையைச் சாதாரண ஒயினுக்கு உரியதை விட முன்னதாகவே பறித்துவிடுவோம். பழம் முழுக்கப் பழுத்துவிட்டால் சர்க்கரை ஏறும், புளிப்பு இறங்கும். குமிழி ஒயினுக்கு அந்தப் புளிப்புதான் முதுகெலும்பு. பறிப்பதும் கையால்தான், இயந்திரம் கூடாது என்பது சட்டம். காரணம் எளிது: இயந்திரம் கொடியை உலுக்கிப் பழத்தை உதிர்க்கும், தோல் கிழியும், சாறு கசியும், தோலில் இருக்கும் நிறமும் துவர்ப்பும் சாற்றில் இறங்கிவிடும். பினோ நுவார் கருந்திராட்சை. ஆனால் அதன் சதை வெளுப்பு. கொத்து உடையாமல் அப்படியே பிழியும் இயந்திரத்துக்குள் போய், மெல்ல அழுத்தப்பட்டால், கருந்திராட்சையிலிருந்தும் தெளிந்த வெள்ளைச் சாறு இறங்கும். கொத்தின் காம்புகளுக்கும் இங்கே வேலை உண்டு. பழங்களுக்கு நடுவே சாறு வடிய அவை வழி விடுகின்றன.

எவ்வளவு பிழியலாம் என்பதற்கும் வரம்பு இருக்கிறது. 150 கிலோ திராட்சையிலிருந்து 100 லிட்டர் சாறு, அவ்வளவுதான். அதற்கு மேல் அழுத்தினால் சாறு வரும், கூடவே கசப்பும் வரும். ஷாம்பேனில் 160 கிலோவுக்கு 102 லிட்டர். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், இந்த விஷயத்தில் க்ரெமானுக்குப் பெரிய சலுகை ஒன்றும் இல்லை என்று தெரியும்.

சாறு தொட்டியில் நொதித்து, குமிழி இல்லாத ஒயின் ஆகும். இதை அப்படியே குடித்தால் முகம் சுளிப்பீர்கள், அவ்வளவு புளிப்பு. குளிர்காலத்தில் தனித்தனித் தொட்டிகளை ருசி பார்த்து, எதில் எவ்வளவு கலப்பது என்று முடிவு செய்வார்கள். ஆல்சாஸில் பெரும்பாலும் பினோ ப்ளாங்க், ஒசெர்ரூவா என்ற திராட்சை ரகங்கள் இரண்டும்தான் அடித்தளம். ரீஸ்லிங் சேர்த்தால் கூர்மை வரும். ஷார்தொனே இங்கே க்ரெமானுக்கு மட்டுமே அனுமதி, சாதாரண ஆல்சாஸ் ஒயினில் அதற்கு இடமில்லை. இளஞ்சிவப்பு க்ரெமான் என்றால் முழுக்க பினோ நுவார்.

அப்புறம்தான் முக்கியமான கட்டம். கலந்த ஒயினில் ஈஸ்டும் லிட்டருக்குச் சுமார் 24 கிராம் சர்க்கரையும் சேர்த்துக் கனமான பாட்டிலில் நிரப்பி, பியர் பாட்டிலுக்குப் போடும் அதே தகர மூடியைப் போட்டு, நிலவறையில் படுக்க வைப்போம். ஈஸ்ட் அந்தச் சர்க்கரையைத் தின்று கொஞ்சம் ஆல்கஹாலும் கரியமில வாயுவும் தருகிறது. வாயுவுக்கு வெளியேற வழியில்லை, ஒயினிலேயே கரைகிறது. 4 கிராம் சர்க்கரைக்கு ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம் என்று கணக்கு. ஆக 24 கிராமுக்கு 6. கார் டயரில் இருப்பதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். பாட்டில் ஏன் இவ்வளவு கனம், அடியில் ஏன் குழி என்று கேட்பவர்களுக்கு இந்த எண்ணே போதும்.

குமிழி வந்துவிட்டது, இனி வடிகட்டி விற்றுவிடலாமே என்று தோன்றும். இங்கேதான் நான் கொஞ்சம் நின்று சொல்ல விரும்புகிறேன். தின்ன சர்க்கரை தீர்ந்ததும் ஈஸ்ட் செத்து, பாட்டிலின் அடிப்பக்கம் மண்டியாகப் படிகிறது. அந்த மண்டியோடு ஒயின் சும்மா கிடக்கும் மாதங்களில்தான் க்ரெமான் க்ரெமானாகிறது. செத்த செல்கள் மெதுவாக உடைந்து, புரதமும் அமினோ அமிலமும் ஒயினில் கசிகின்றன. ரொட்டி வாசம், வெண்ணெய் வாசம், வறுத்த பாதாம் வாசம் எல்லாம் இதிலிருந்துதான். குமிழி நாக்கில் குத்தாமல் மென்மையாக இருப்பதற்கும் இதுவே பெரிய காரணம். க்ரெமானுக்குக் குறைந்தது 9 மாதம் மண்டியோடு கிடக்க வேண்டும், பாட்டிலில் அடைத்து 12 மாதம் ஆகாமல் விற்கக் கூடாது. லேபிளில் அறுவடை ஆண்டு குறிப்பிடாத ஷாம்பேனுக்கு மண்டியில் 12 மாதம், மொத்தம் 15 மாதம். ஆண்டு குறிப்பிட்ட ஷாம்பேனுக்கு 3 வருடம்.

முறை ஒன்றே, நேரம்தான் வேறு. இரண்டுக்கும் ருசியில் வித்தியாசம் தெரிகிறது என்றால், மண்ணையும் குளிரையும் அடுத்து முதலில் பார்க்க வேண்டியது இந்த மாதக் கணக்கைத்தான். 9 மாதத்தில் எடுத்த க்ரெமானில் ஆப்பிள், எலுமிச்சை, வெள்ளைப் பூக்களின் வாசம் முன்னால் நிற்கும். அதுவும் அழகுதான். இரண்டு, மூன்று வருடம் படுத்துக் கிடந்த க்ரெமான் வேறு ரகம், கண்ணை மூடிக்கொண்டு குடித்தால் ஷாம்பேன் என்றே பலரும் சொல்வார்கள். பர்கண்டியில் இதற்குத் தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். 24 மாதம் கிடந்தால் எமினான், 36 மாதம் கிடந்தால் கிராண்ட் எமினான்.

சரி, அந்த மண்டியை எப்படி வெளியே எடுப்பது? பாட்டிலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, சாய்த்துத் தலைகீழாக்கினால் மண்டி கழுத்துக்கு இறங்கிவிடும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஷாம்பேனில் வ்வோவ் க்ளிக்கோ நிறுவனத்தில் வழக்கத்துக்கு வந்த முறை இது. துளையிட்ட பலகைகளில் பாட்டிலைச் செருகி, தினமும் கையால் திருப்பினால் வாரக்கணக்கில் ஆகும். இப்போது பெரும்பாலான இடங்களில் இரும்புக் கூண்டுதான். ஒரு கூண்டில் சுமார் 500 பாட்டில், மோட்டார் அதை நிரல்படி ஆட்டித் திருப்பும், ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடும். கையால் திருப்பினால் ருசி கூடும் என்று விளம்பரம் செய்கிறவர்கள் உண்டு. நான் அதை நம்பவில்லை. மண்டி சுத்தமாக இறங்கியதா இல்லையா என்பதுதான் கேள்வி, யார் திருப்பினார்கள் என்பதல்ல.

இறங்கியதா என்று பார்க்க ஒரு வழக்கம் உண்டு. தலைகீழாகவே பாட்டிலை எடுத்து விளக்குக்கு நேராகப் பிடிப்போம். தோள்பட்டை வளைவில் வெண்புகை மாதிரி ஒரு கோடு ஒட்டியிருந்தால் இன்னும் ஆகவில்லை என்று அர்த்தம். ஒயின் பளிச்சென்று இருந்து, மூடியை ஒட்டி மட்டும் பழுப்பாக விரல் அகலத்துக்குப் படிந்திருந்தால் தயார்.

தயாரான பாட்டிலின் கழுத்தை, பூஜ்யத்துக்கும் கீழே 25 டிகிரி அளவில் குளிர்ந்த உப்புக் கரைசலில் சில நிமிடம் முக்குவார்கள். மண்டி பனிக்கட்டிக்குள் சிக்கி உறைந்துவிடும். பாட்டிலை நிமிர்த்தித் தகர மூடியைத் திறந்ததும், உள்ளே இருக்கும் அழுத்தமே அந்தப் பனிக்கட்டித் துண்டை வெளியே எறிந்துவிடும். அந்த நொடியில் எழும் வாசம், புது ரொட்டியும் பச்சை ஆப்பிளும் சேர்ந்தது, எனக்கு இன்னும் சலிக்கவில்லை. வெளியேறிய அளவுக்கு ஒயினும் சர்க்கரையும் கலந்த கரைசலை ஊற்றி நிரப்பி, கார்க் போட்டு, கம்பி கட்டிவிடுவார்கள். கடைசியில் சேர்க்கும் இந்தச் சர்க்கரைதான் பாட்டிலில் எழுதியிருக்கும் சொல்லைத் தீர்மானிக்கிறது. லிட்டருக்கு 12 கிராமுக்குள் என்றால் ப்ரூட், 6க்குள் என்றால் எக்ஸ்ட்ரா ப்ரூட், எதுவுமே சேர்க்காமல் 3க்குக் கீழே இருந்தால் ப்ரூட் நாத்யூர். தெமி செக் என்று இருந்தால் 32க்கு மேல், நன்றாக இனிக்கும்.

இவ்வளவு வேலை இருந்தும் விலை ஏன் குறைவு? வேலையில் மிச்சம் பிடிப்பதால் அல்ல. ஷாம்பேனில் ஒரு ஹெக்டேர் தோட்டம் சராசரியாகவே பத்து லட்சம் யூரோ அளவில் போகிறது, திராட்சை கிலோ 6 யூரோவுக்கு மேல். ஒரு பாட்டிலுக்கு ஒரு கிலோவுக்கும் அதிகமான பழம் வேண்டும், கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம். அதோடு இரு நூற்றாண்டுகளாகச் சேர்த்த பெயருக்கும் விளம்பரத்துக்கும் ஒரு விலை இருக்கிறது. பிரான்சின் கடைகளில் நல்ல க்ரெமான் 8 முதல் 12 யூரோவுக்குக் கிடைப்பதன் காரணம் இதுதான்.

இதெல்லாம் நேற்று வந்த மோகமும் இல்லை. லுவார் பகுதியில் சோமூரில், அரண்மனைகளுக்குக் கல் வெட்டி எடுத்த சுண்ணாம்புக் குகைகளில் 1811லேயே ஒரு நிறுவனம் தொடங்கப்பட்டு, பிறகு அங்கே குமிழி ஒயின் செய்தார்கள். ஆல்சாஸில் ரிக்வீர் ஊரைச் சேர்ந்த ஜூலியான் தோஃப், 1900 பாரிஸ் உலகக் கண்காட்சியில் இந்த முறையைப் பார்த்துவிட்டு, ஷாம்பேனுக்குப் போய்க் கற்றுக்கொண்டு வந்து இங்கே தொடங்கினார். க்ரெமானுக்குத் தனிச் சட்டம் வந்தது 1975இல் லுவாருக்கும் பர்கண்டிக்கும், அடுத்த ஆண்டு ஆல்சாஸுக்கு.

என்ன வாங்கலாம் என்று கேட்டால்: முதல் முறை என்றால் ஆல்சாஸ் ப்ரூட், எளிதாகப் பிடிக்கும். ஷாம்பேன் ருசிக்குப் பக்கத்தில் வேண்டும் என்றால் பர்கண்டி, அதே ஷார்தொனே, அதே பினோ நுவார். லுவாரில் ஷெனின் திராட்சை தரும் சீமை மாதுளை, தேன் வாசம் வேறெங்கும் கிடைக்காது, எனக்கு அது மிகவும் பிடிக்கும். ஜூராவில் விலைக்குக் கிடைக்கும் தரம் அசத்தல், ஏனோ இன்னும் பலர் கண்ணில் படவில்லை. எதை எடுத்தாலும் பின் லேபிளைத் திருப்பிப் பாருங்கள். மண்டியோடு எத்தனை மாதம் இருந்தது, மண்டி எடுத்த தேதி என்ன என்று அச்சிடுகிற தயாரிப்பாளர்கள் உண்டு. மாதம் 18க்கு மேல் இருந்தால் தயங்காமல் எடுங்கள். மண்டி எடுத்து இரண்டு வருடத்துக்கு மேல் கடை அலமாரியில் நின்றது என்றால் விட்டுவிடுங்கள்.

குடிக்கும்போது 8 டிகிரி குளிர் போதும், உறையவிட வேண்டாம், வாசம் அடங்கிவிடும். ஒல்லியான நீள டம்ளரை விட, வயிறு கொஞ்சம் அகன்ற ஒயின் டம்ளர் நல்லது. திறக்கும்போது ஆறு அரைச்சுற்றில் கம்பி கழன்றுவிடும், அதுவரை கட்டைவிரலைக் கார்க்கின் மேலிருந்து எடுக்காதீர்கள். பிறகு கார்க்கை அசையாமல் பிடித்துக்கொண்டு பாட்டிலைத் திருப்புங்கள்.