குண்டுக்கரிச்சானுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை

அல்சூரில் உங்கள் வீட்டெதிரே தெருவிளக்கை வெள்ளை எல்இடியாக மாற்றியதிலிருந்து குண்டுக்கரிச்சான் குருவி ராத்திரி இரண்டரைக்கே பாடுகிறது, அதற்கு நோயா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் விளக்குதான் காரணம். வெளிச்சம் பட்டால் இருட்டில் சுரக்கும் மெலடோனின் என்ற தூக்க ஹார்மோன் குறையும். பறவைக்கு அப்போதே விடிகிற மாதிரி. இது முட்டையிடும் பருவம் வேறு, ஆண் பறவை சும்மா இருக்காது.

எங்கள் ஜன்னல் ஏசி மேல் ஒரு புறா. பால்கனி விளக்கு எரிந்தால் ஒரு கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே தூங்கும், பாவம்.

மஞ்சள் பல்பு போதும் என்பார்கள். 2020இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில் மஞ்சள் ஒளி மேக்பை என்ற அந்த ஊர்ப் பறவைகளுக்குக் கொஞ்சம் பரவாயில்லை, புறாக்களுக்கு வெள்ளையும் மஞ்சளும் ஒன்றுதான். அதனால் முதலில் உங்கள் பால்கனி விளக்கை அணையுங்கள். அப்புறம் தெருவிளக்குக்குப் பறவை இருக்கும் மரத்தின் பக்கம் மறைப்புத் தகடு போடச் சொல்லி மனு கொடுங்கள்.