சதுரங்கத்தில் தகுதிக்கு மேல் புகழப்படும் வீரர் யார்? குகேஷ்தானே?

கேள்வியிலேயே பதிலையும் வைத்துவிட்டீர்கள். 'டிங் லிரென் கடைசி ஆட்டத்தில் சொதப்பாமல் இருந்திருந்தால் குகேஷ் உலக சாம்பியனே இல்லை' என்று கீழே விளக்கமும் கொடுத்திருக்கிறீர்கள். அப்போதைய உலக சாம்பியன் டிங் தலையில் கை வைத்துக்கொள்ளும் அந்தச் சின்ன வீடியோவை மட்டும் பார்த்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். முழு ஆட்டத்தையும் பார்த்தவர்கள் இப்படிக் கேட்க மாட்டார்கள்.

2024 டிசம்பர் 12, சிங்கப்பூர், உலக சாம்பியன் போட்டி. மொத்தம் 14 ஆட்டங்களில் 13 முடிந்து ஆளுக்கு 6.5 புள்ளி. பதினான்காவதில் டிங்குக்கு வெள்ளைக் காய். ஆனால் போகப்போக காய்களை வெட்டிக் குறைத்து டிராவை நோக்கித்தான் அவர் போனார். டிரா ஆனால் அடுத்து, குறைந்த நேரத்தில் வேகமாக ஆடும் ரேபிட் டைபிரேக். அதில் டிங்தான் பலசாலி என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் இரண்டு பக்கமும் ஒரு ரூக் (நேராக ஓடும் கோட்டை), ஒரு பிஷப் (குறுக்காக ஓடும் மந்திரி). குகேஷிடம் ஒரு சிப்பாய் கூடுதல், ஆனால் சிப்பாய்கள் எல்லாம் ஒரே பக்கத்தில். ஒழுங்காக ஆடினால் அது டிராதான். கை கொடுத்துவிட்டு எழுந்து போயிருக்கலாம். 18 வயதுப் பையன் எழவில்லை. ஒவ்வொரு நகர்த்தலிலும் டிங்கை யோசிக்க வைத்தான்.

55ஆவது நகர்த்தலில் ரூக்குக்கு ரூக் வெட்டி மாற்றிக்கொள்ளலாம் என்று டிங் தன் ரூக்கை எஃப்2 கட்டத்துக்குக் கொண்டுவந்தார். அவருடைய பிஷப் ஏ8 மூலையில் நிற்கிறது. ரூக்குகள் போனதும் குகேஷ் தன் பிஷப்பை டி5-இல் வைத்தால் டிங்கின் பிஷப்புக்குத் தப்பிக்க வழியில்லை, இரண்டு பிஷப்பும் வெட்டுப்பட்டே ஆக வேண்டும். மிச்சம் ராஜாவும் சிப்பாய்களும் மட்டும், அதில் ஒரு சிப்பாய் கூடுதல் என்றால் ஆட்டம் முடிந்தது. குகேஷ் அதைப் பார்த்த நொடியில் முகம் மாறியதைத்தான் எல்லோரும் பகிர்கிறார்கள். அதற்கு முன் அவர் உட்கார்ந்திருந்த மணிக்கணக்கை யாரும் பகிர்வதில்லை.

முன்னாள் உலக சாம்பியன் கார்ல்சனின் ரசிகர்கள் சண்டைக்கு வருவதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: இன்றைக்கு உலகத்திலேயே பலமான ஆட்டக்காரர் கார்ல்சன்தான். அதில் எனக்கு மறுபேச்சே இல்லை. ஆனால் 2014 உலக சாம்பியன் போட்டியில், சோச்சியில் ஆனந்துக்கு எதிரான ஆறாவது ஆட்டத்தில் கார்ல்சன் ராஜாவை டி2-இல் வைத்துப் பெரிய தப்பு செய்தார். ஆனந்த் குதிரையால் இ5-இல் வெட்டியிருந்தால் கதையே வேறு. அவர் அதைக் கவனிக்காமல் ஏ4 ஆடினார், கார்ல்சன் ஜெயித்தார், பட்டமும் அவருக்கே. 2021 உலக சாம்பியன் போட்டியில், துபாயில் கார்ல்சனை எதிர்த்து ஆடிய ரஷ்யாவின் நெபோம்னியாச்சி ஒன்பதாவது ஆட்டத்தில் தன் பிஷப்பைத் தானே சிக்க வைத்துக்கொண்டார். அதற்காகக் கார்ல்சனை ஓசி சாம்பியன் என்று யாராவது சொன்னார்களா? எதிராளி தப்பு செய்யாமல் செஸ்ஸில் யாரும் யாரையும் ஜெயிக்க முடியாது. அதை நம் பையன் செய்தால் மட்டும் அதிர்ஷ்டமா?

இவ்வளவு கோபம் எதற்கு என்றால், காரணம் இருக்கிறது. என் மகள் மாவட்டப் போட்டிகளில் ஆடுகிறாள். போன வருடம் திண்டுக்கல்லில் ஒரு கல்யாண மண்டபத்தில் போட்டி. மற்ற எல்லா போர்டும் முடிந்து காய்களைப் பையில் அள்ளிக்கொண்டிருந்தார்கள். இவளும் ஒரு பையனும் மட்டும் ரூக் எண்ட்கேமில், அதாவது ரூக்கும் சிப்பாய்களும் மட்டும் மிஞ்சிய கடைசிக் கட்டத்தில், உட்கார்ந்திருந்தார்கள். அவன் டிரா கேட்டான். இவள் தலையாட்டி மறுத்துவிட்டு ஆடிக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பவும் கேட்டான், திரும்பவும் மறுத்தாள். நாங்கள் ஜன்னல் கம்பிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். கடிகாரத்தைப் பார்த்த பதற்றத்தில் அவன் ராஜாவைத் தப்பான கட்டத்தில் வைத்தான், ரூக் போனது. வெளியே வந்தவளிடம் அவன் அப்பா, "அவன் கவனிக்காம விட்டான், நீ ஜெயிச்சிட்டம்மா" என்றார். குழந்தையிடம் பேசுகிற பேச்சா அது? பஸ்ஸில் வரும்போது, "அப்பா, அப்ப நான் ஜெயிக்கலையா?" என்று கேட்டாள். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. ஸ்கோர் ஷீட்டை வாங்கி, ஒவ்வொரு நகர்த்தலாக, எந்த இடத்தில் அவனுக்கு நல்ல வழி ஒன்றே ஒன்றுதான் இருந்தது என்று காட்டினேன். அந்த ஒரே வழியை அவனைத் தேட வைத்தது இவள்தானே?

அப்படியானால் 2025-இல் குகேஷ் ஏன் சறுக்கினார் என்று கேட்பீர்கள். சறுக்கினார், நான் மறைக்கவில்லை. சமர்கண்டில் நடந்த கிராண்ட் ஸ்விஸ் போட்டியில் தொடர்ந்து மூன்று ஆட்டங்கள் தோற்றார். அதே வருடம் நார்வேயின் ஸ்டாவாங்கரில் கார்ல்சனையும் ஜெயித்தார், கார்ல்சன் மேஜையைக் குத்தியதை உலகமே பார்த்தது. செஸ்ஸில் தோற்றால் ரேட்டிங் இறங்கும், அவருக்கும் இறங்கியது. சும்மா தூக்கி வைத்துக் காப்பாற்ற அங்கே யாராலும் முடியாது. உலக சாம்பியனை எதிர்த்து ஆடுபவரைத் தேர்ந்தெடுக்கும் டொராண்டோ கேண்டிடேட்ஸ் போட்டியில் 14-க்கு 9 எடுத்ததும், புடாபெஸ்ட் ஒலிம்பியாடில் இந்திய அணியின் முதல் போர்டில் உட்கார்ந்து 10-க்கு 9 எடுத்ததும் டிங்கின் தப்பால் வந்தவை அல்லவே. அதனால் நீங்கள் கேட்ட கேள்விக்கு என்னிடம் பெயர் இல்லை.

தமிழக அரசு அவருக்கு 5 கோடி ரூபாய் கொடுத்ததும் அதிகம் என்று ஒருவர் பின்னூட்டத்தில் எழுதியிருக்கிறார். கொடுக்கட்டும், இன்னும் கூடக் கொடுக்கட்டும். என் வருத்தம் வேறு. குகேஷ் ஜெயித்த மறுநாள் என் மகள் படிக்கும் பள்ளி வாசலில் அவர் படம் போட்டுப் பெரிய பேனர் வைத்தார்கள். அதே பள்ளி, போட்டிக்குப் போன சனிக்கிழமைகளுக்கு இவளுக்கு ஆப்சென்ட் போடுகிறது. போட்டி நடத்தியவர்கள் கொடுத்த சான்றிதழைக் காட்டினால், "இதெல்லாம் அரசுப் போட்டி இல்லை சார்" என்கிறார்கள். மாவட்ட அளவில் ஆடாமல் ஒரு குழந்தை மாநில அளவுக்கு எப்படிப் போகும்? விளையாட்டு பீரியடையும் கணக்கு டீச்சர் எடுத்துக்கொள்கிறார். வருகைப் பதிவைத் திருத்தச் சொல்லி எழுத்தில் கொடுத்திருக்கிறேன். பதில் வந்தால் இங்கேயே சேர்க்கிறேன். இதே பிரச்சினையைத் தீர்த்த பெற்றோர் யாராவது இருந்தால், எந்தக் கடிதம் எடுபட்டது என்று தயவுசெய்து சொல்லுங்கள்.