பந்தயம் கற்றுத் தந்ததா, மேசை கற்றுத் தந்ததா?

மதிப்பிற்குரிய ஆலோசகர் அம்மா அவர்களுக்கு,

வணக்கம். எனக்கு வயது 31. தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த் பகுதியில் வசிக்கிறேன். துறைமுகத்தை அடுத்த ஒரு கிடங்கில் சரக்குக் கணக்கு எழுதும் வேலை. பிடித்தம் போக மாதம் 12,000 ராண்ட் கைக்கு வருகிறது. மனைவியும் மூன்று வயது மகளும் இருக்கிறார்கள். எனக்குத் தமிழ் எழுதப் படிக்கக் கற்றுத் தந்தவர் என் ஆயா. இப்போது எங்கள் வீட்டில் பேச்சு முழுவதும் ஆங்கிலம்தான். இந்தக் கடிதத்தைத் தமிழில் எழுத ஆயாவின் மேலுள்ள அன்பு ஒரு காரணம். என் மனைவிக்குத் தமிழ் படிக்கத் தெரியாது என்பது இன்னொரு காரணம்.

பதினெட்டு வயதிலிருந்து பூல் ஆடுகிறேன். மேசைமேல் கோலால் பந்தை அடித்துக் குழியில் போடும் ஆட்டம். எங்கள் பகுதி டேவர்னில், அதாவது மதுக்கூடத்தில், காசு போட்டு ஆடும் சிறிய மேசை ஒன்று இருக்கிறது. சிவப்புப் பந்து ஏழு, மஞ்சள் பந்து ஏழு, ஒரு கறுப்பு. வெள்ளைப் பந்தை அடித்து, தன் நிறப் பந்துகளையும் கடைசியில் கறுப்பையும் முதலில் குழியில் போடுபவர் வெல்வார். சனிக்கிழமை மட்டும் போவேன். ஆண்டுக்கணக்கில் ஆடியும் என் ஆட்டம் ஓரிடத்திலேயே நின்றுவிட்டது என்ற வருத்தம் உள்ளுக்குள் இருந்துகொண்டே இருந்தது.

பத்து மாதங்களுக்கு முன் ஒரு பெரியவர் அங்கே வரத் தொடங்கினார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். இளமையில் மாகாண அணிக்கு ஆடியவர் என்று சொல்வார்கள். அவரை மாமா என்றுதான் அழைக்கிறேன். முதல் இரவு ஓர் ஆட்டத்துக்கு 20 ராண்ட் பந்தயம் வைத்து ஆடினோம். எனக்கு இரண்டு சிவப்புப் பந்துகளும் கறுப்பும் மட்டுமே மீதி; அவருக்கு ஐந்து மஞ்சள் மேசையில் கிடந்தன. எளிதாகக் குழியில் விழக்கூடிய பந்து ஒன்று அவர் முன்னால் இருந்தது. அவர் அதைப் போடவில்லை. ஒரு மஞ்சள் பந்தை மெல்லத் தொட்டு, வெள்ளைப் பந்தைத் தன் இரண்டு பந்துகளுக்குப் பின்னால் உருண்டு நிற்கும்படி செய்தார். என் சிவப்புப் பந்து எதையும் நேராகத் தொட வழியில்லை. என் பந்தைத் தொட முடியாமல் ஃபவுல், அதாவது விதிமீறல், செய்தேன். அதனால் கிடைத்த கூடுதல் வாய்ப்பைப் பயன்படுத்தித் தன் ஐந்தையும் கறுப்பையும் வரிசையாக இறக்கினார். பதின்மூன்று ஆண்டுகளாக நான் பந்தைக் குழியில் தள்ளிக்கொண்டு மட்டுமே இருந்தேன் என்பது அன்றுதான் புரிந்தது.

பிறகு வாரத்தில் நான்கு இரவுகள் போகத் தொடங்கினேன். பந்தயம் 20-லிருந்து 50 ஆனது, 100 ஆனது. இப்போது முதலில் ஏழு ஆட்டம் வெல்பவருக்கு 500 ராண்ட். முதல் மாதம் பத்து ஆட்டத்தில் ஒன்றைத்தான் அவரிடம் வென்றேன். இன்று நான்கை வெல்கிறேன். காசு இல்லாமல் ஆடிய காலத்தில் இந்த வளர்ச்சி வரவே இல்லை. பிலிப்பைன்ஸின் பூல் ஆட்டக்காரர் எஃப்ரன் ரேயஸும் சிறுவயதிலிருந்தே காசுக்கு ஆடித்தானே 1999-இல் கார்டிஃபில் உலக வாகையர் ஆனார்?

ஆனால் மொத்தக் கணக்கில் இதுவரை 21,000 ராண்ட் இழந்திருக்கிறேன். ஓர் இரவு 100, 200, 400, 800 என்று இரட்டித்துக்கொண்டே போய் 1,500 போனது. மகளின் பாலர் பள்ளிக்காகச் சேர்த்ததில் 6,500 எடுத்துவிட்டேன். மஷோனிசா, அதாவது உரிமமின்றி வட்டிக்கு விடுபவர், ஒருவரிடம் 4,000 கடன் வாங்கியிருக்கிறேன். மாதம் நூற்றுக்கு முப்பது வட்டி. என் வங்கி அட்டை அவரிடம் இருக்கிறது. மூன்று மாதமாக 1,200 வட்டி மட்டும் கட்டுகிறேன், அசல் குறையவில்லை. மனைவிக்கு எதுவும் தெரியாது. தைப்பூசக் காவடிக்காக விரதம் இருந்த பத்து நாட்களும் டேவர்ன் பக்கம் போகவில்லை, தூக்கமே வரவில்லை.

இப்போது மாமா ஓர் ஆட்டத்துக்கு அழைத்திருக்கிறார். முதலில் பதினைந்து வெல்பவருக்கு 5,000 ராண்ட். எனக்கு இரண்டு ஆட்டம் முன்கூட்டியே தருவார். இந்த மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை. வென்றால் கடன் தீர்ந்துவிடும். பெரிய தொகை என்றாலே என் கை இறுகிவிடுகிறது. அந்த இறுக்கத்தை வெல்ல வழி சொல்லுங்கள், அம்மா.

பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சாட்ஸ்வொர்த்

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். வலிமையான ஆட்டக்காரரிடம் தோற்றுக் கற்க வேண்டும் என்ற உங்கள் விருப்பத்தை நான் மதிக்கிறேன். அது சரியான விருப்பம். தன்னைவிடத் திறமை குறைந்தவர்களுடனேயே ஆடிக்கொண்டிருப்பவர் தன் குறையைப் பார்க்க வாய்ப்பே இல்லை. அந்தப் பெரியவர் உங்களுக்கு அதைக் காட்டினார். அதற்காக நீங்கள் அவருக்கு நன்றியுடன் இருப்பதில் தவறில்லை.

ஆனால் உங்கள் கடிதத்தில் ஒன்றைக் கவனித்தேன். வெள்ளைப் பந்து எப்படி உருண்டு எதற்குப் பின்னால் நின்றது என்பதை நீங்கள் ஒரே ஓர் இரவைப் பற்றித்தான் எழுதியிருக்கிறீர்கள். அது 20 ராண்ட் வைத்து ஆடிய இரவு. பந்தயம் 100-ஐத் தாண்டிய பிறகு நடந்த எந்த ஆட்டத்தைப் பற்றியும் ஒரு பந்துகூட உங்கள் கடிதத்தில் இல்லை. 500, 800, 1,500, 21,000 என்று தொகைகள் மட்டுமே இருக்கின்றன. உங்கள் நினைவு எதைச் சேர்த்து வைத்திருக்கிறதோ அதைத்தான் உங்கள் கவனம் அந்த இரவுகளில் பார்த்துக்கொண்டிருந்தது என்று நான் எண்ணுகிறேன். இன்று இரவே இதைச் சோதித்துப் பாருங்கள்: கடந்த மாதம் இழந்த பந்தயங்களில் ஏதேனும் மூன்றை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் ஆட்டம் எந்த அடியில் கைமாறியது என்று எழுதுங்கள். எழுத முடியாவிட்டால், அந்த இரவுகளுக்கு நீங்கள் கட்டியதைக் கல்விக் கட்டணம் என்று சொல்ல முடியாது.

பத்தில் ஒன்றிலிருந்து பத்தில் நான்குக்கு வந்தது உண்மையான வளர்ச்சிதான். அதைத் தந்தது எது என்பதில்தான் நாம் வேறுபடுகிறோம். அந்தப் பத்து மாதங்களில் மூன்று மாற்றங்கள் ஒன்றாக நடந்தன. எதிராளி மாறினார், வாரம் ஓர் இரவு நான்கு இரவாயிற்று, பணம் புகுந்தது. மூன்றும் சேர்ந்து தந்த பலனை நீங்கள் மூன்றாவதன் கணக்கில் மட்டும் எழுதிவிட்டீர்கள். ரேயஸின் வாழ்க்கையையும் அப்படித்தான் படித்திருக்கிறீர்கள். அவர் மணிலாவில் தன் மாமாவின் பூல் கூடத்திலேயே வளர்ந்தவர். மேசை அவருக்கு வீடாக இருந்தது. காசுக்கு ஆடினார் என்பது உண்மை, ஆனால் அதே கூடங்களில் காசுக்கு ஆடி எல்லாவற்றையும் இழந்தவர்களின் பெயரை உங்களிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இனி அந்த 5,000 ராண்ட் ஆட்டம். பத்தில் நான்கு என்பது கேட்பதற்குச் சமபலம் போல ஒலிக்கிறது. ஒற்றை ஆட்டத்தில் அது ஓரளவு அப்படித்தான். ஆனால் ஆட்டங்களின் எண்ணிக்கை கூடக் கூட வலியவரின் பக்கம் தராசு சாய்ந்துகொண்டே போகும். நூற்றுக்கு நாற்பது வெல்பவர், முதலில் ஏழு வெல்ல வேண்டிய பந்தயத்தில் வெல்லும் வாய்ப்பு நூற்றுக்கு 23 மட்டுமே. முதலில் பதினைந்து என்றால் அது ஏறத்தாழ 14 ஆகிவிடும். அவர் இரண்டு ஆட்டம் விட்டுக்கொடுத்தாலும் சுமார் 25-தான். நான்கில் மூன்று முறை நீங்கள் தோற்பீர்கள். இது கை இறுகாமல், முழுத் திறமையோடு ஆடினால் வரும் கணக்கு. பெரியவர் இதை அறிந்தே அழைக்கிறார் என்று நான் குற்றம் சாட்டவில்லை. ஆனால் இவ்வளவு காலம் ஆடியவருக்கு இந்த வேறுபாடு தெரியாமல் இருப்பது அரிது.

இரட்டிக்கும் வழக்கத்தையும் இதே கணக்கில் பாருங்கள். நீங்கள் தொடர்ந்து நான்கு ஆட்டம் தோற்கும் வாய்ப்பு நூற்றுக்கு 13. வாரம் நான்கு இரவு ஆடுபவருக்கு, ஒவ்வோர் இரவின் முதல் நான்கு ஆட்டங்களை மட்டும் எடுத்துக்கொண்டாலும், ஏறத்தாழ இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அது நடக்கும். அந்த 1,500 ராண்ட் இரவை நீங்கள் துரதிர்ஷ்டம் என்று நினைத்திருக்கலாம். அது தவணை தவறாமல் வரக்கூடியது. டேனியல் கானெமான், ஏமோஸ் ட்வெர்ஸ்கி என்ற இரு உளவியலாளர்கள் 1979-இல் விளக்கிய ஓர் இயல்பு இங்கே வேலை செய்கிறது: லாபத்தில் நிற்கும்போது எச்சரிக்கையாக இருக்கும் அதே மனிதர், நட்டத்தில் நிற்கும்போது பழைய இடத்துக்குத் திரும்பிவிட வேண்டும் என்பதற்காக, மற்ற நேரத்தில் தொடவே மாட்டாத ஆபத்தை ஏற்பார். ‘வென்றால் கடன் தீர்ந்துவிடும்’ என்று நீங்கள் எழுதிய வரி அந்த இடத்திலிருந்து வந்தது.

கை இறுகுவதற்கு வழி கேட்டீர்கள். அதற்கு வழி உண்டு, அதற்கு 5,000 ராண்ட் தேவையில்லை. பழகிய அடியில் கை தானாகச் செய்வதைப் பதற்றம் வந்தவுடன் மனம் ஒவ்வோர் அசைவாக மேற்பார்வை பார்க்கத் தொடங்குகிறது. முழங்கை எங்கே, பிடி எவ்வளவு என்று. அதனால் கை தடுமாறுகிறது. நெதர்லாந்தைச் சேர்ந்த அவுடேயான்ஸ், பைப்பர்ஸ் என்ற ஆய்வாளர்கள் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், ஏறுசுவரில் சிலரைத் தாழ்வான இடத்திலும் சிலரைச் சற்று உயரமான இடத்திலும் நிறுத்தி, சிற்றம்பு எறியப் பழக்கினார்கள். உயரத்தின் சிறிய அச்சத்தோடு பழகியவர்கள், பிறகு அதைவிட அதிகமான அச்சத்திலும் திறன் குறையாமல் எறிந்தார்கள். இதில் கவனிக்க வேண்டியது, பழகியபோது இருந்த அச்சம் சிறியது. யாரும் தங்கள் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தைக் கையில் பிடித்துக்கொண்டு எறியவில்லை. உங்களுக்கு அந்த அளவான அச்சம் 20 ராண்ட் இரவில் இருந்தது. பாடமும் அன்றே கிடைத்தது.

ஆகவே பெரியவரிடம் நேராகச் சொல்லுங்கள்: “மாமா, இனி உங்களோடு பந்தயம் கட்டி ஆட மாட்டேன். மாதம் இரண்டு முறை ஒரு மணி நேரம் எனக்குச் சொல்லித் தாருங்கள், அதற்கு ஒரு தொகை தருகிறேன்.” தொகை முன்கூட்டியே முடிவாகிவிடுவதால் அதற்குத்தான் கட்டணம் என்ற பெயர் பொருந்தும். அவர் ஒப்புக்கொண்டால் உங்களுக்கு ஆசிரியர் கிடைத்துவிட்டார். பந்தயம் இல்லாமல் வர மாட்டேன் என்றால், அவர் உங்களிடம் எதற்காக ஆடினார் என்பதற்கும் விடை கிடைத்துவிட்டது. பதற்றத்தோடு ஆட விரும்பினால் கிளப்புகளுக்கு இடையிலான லீக் ஆட்டங்களில் சேருங்கள். அணியினர் பார்த்துக்கொண்டிருக்கக் கடைசிக் கறுப்பைப் போடுவதிலும் கை நடுங்கும். ஆனால் இவற்றையெல்லாம் கடன் தீர்ந்த பிறகு, டேவர்ன் அல்லாத இடத்தில் செய்யுங்கள். அதுவரை மேசையை விட்டு விலகி இருங்கள்.

இதை ஏன் இவ்வளவு கண்டிப்பாகச் சொல்கிறேன் என்றால், விரத நாட்களைப் பற்றி நீங்கள் எழுதிய வரி என்னைக் கவலைப்படுத்துகிறது. ஆட்டத்தை விட்டு விலகி இருப்பவருக்கு ஏக்கம் வரலாம். ஆனால் இழப்பை மீட்கும் வரை தூக்கம் வராமல் தவிப்பதும், தொகையைக் கூட்டிக்கொண்டே போவதும், கடன் வாங்குவதும், வீட்டில் மறைப்பதும் ஒன்றாக வரும்போது அது சூதாட்டப் பழக்கத்தின் அடையாளம். உங்களை நேரில் காணாமல் நான் நோய்ப் பெயர் சூட்ட மாட்டேன். தென்னாப்பிரிக்கப் பொறுப்பான சூதாட்ட அறக்கட்டளையின் இலவச ஆலோசனை எண் 0800 006 008. இந்த வாரமே அழைத்துப் பேசுங்கள். இதில் வெட்கப்பட எதுவுமில்லை.

மஷோனிசாவைப் பற்றியும் ஒரு சொல். கடன் கொடுத்தவர் உங்கள் வங்கி அட்டையையோ இரகசிய எண்ணையோ பிடித்து வைத்துக்கொள்வதை 2005-ஆம் ஆண்டின் தேசியக் கடன் சட்டம் அனுமதிக்கவில்லை. வங்கிக்குச் சென்று அந்த அட்டையை முடக்கிப் புதியது வாங்குங்கள். அசலை எப்படித் திருப்புவது என்பதை அவரிடம் தனியாகப் பேசப் போகாதீர்கள். குடும்பத்தில் பெரியவர் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள்.

கடைசியாக உங்கள் மனைவி. ஆயா கற்றுத் தந்த மொழியில் இந்தக் கடிதத்தை எழுதினீர்கள், மனைவிக்கு அதைப் படிக்கத் தெரியாது என்பதற்காகவும். அதை நீங்கள் மறைக்காமல் எனக்குச் சொன்னதை, சொல்லிவிட வேண்டும் என்ற எண்ணம் உங்களுக்குள் ஏற்கெனவே எழுந்துவிட்டது என்றே எடுத்துக்கொள்கிறேன். அந்தச் சனிக்கிழமைக்கு முன், மகள் உறங்கிய பிறகு, 21,000, 6,500, 4,000 என்ற மூன்று தொகைகளையும் எது எதற்குரியது என்று ஒரு தாளில் ஆங்கிலத்தில் எழுதி அவர் கையில் கொடுங்கள். அவர் கோபப்படுவார், அழவும் கூடும். எதைக் கேட்டாலும் உண்மையைச் சொல்லுங்கள். ‘திருப்பி வென்றுவிடுவேன்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். பிறகு, அவருக்கும் சம்மதமானால், இருவரும் சேர்ந்து எனக்கு எழுதுங்கள். ஆங்கிலத்திலேயே எழுதலாம்.

அன்புடன்,
ஆலோசகர்