12 பெரிதா, 2412 பெரிதா?

கேள்வி: லினக்ஸில், நீர், காற்று போன்றவற்றின் ஓட்டத்தைக் கணக்கிடும் ஓப்பன்ஃபோம் மென்பொருளின் வி2412 பதிப்பை நிறுவியிருக்கிறேன். நண்பர் தந்த கேஸை (ஒரு கணக்கீட்டுக்கான கோப்புகள் அடங்கிய கோப்புறை) ஓட்டினால் 'ஃபோம்ரன்' என்ற கட்டளையே இல்லை என்கிறது. 'சிம்பிள்ஃபோம்' கொடுத்தால் 'டிரான்ஸ்போர்ட்ப்ராப்பர்ட்டீஸ்' கோப்பைக் காணோம் என்று நின்றுவிடுகிறது. அவரிடம் இருப்பது வெறும் 12-ஆம் பதிப்பு. பழையது புதியதில் ஓடாதா?

பதில்: உங்கள் நண்பருடையது பழையது அல்ல. இரண்டுமே 2024-இல் வந்தவை. ஓப்பன்ஃபோம் என்ற ஒரே பெயரில் இரண்டு அமைப்புகள் தனித்தனியே மென்பொருள் வெளியிடுகின்றன. ஓப்பன்ஃபோம் ஃபவுண்டேஷன் 10, 11, 12 என்று வரிசையாக எண்ணிடுகிறது. ஓப்பன்சிஎஃப்டி நிறுவனம் ஜூனிலும் டிசம்பரிலும் வெளியிட்டு, ஆண்டையும் மாதத்தையும் சேர்த்தே எண்ணாக்குகிறது. 2412 என்றால் 2024 டிசம்பர். இந்த எண்ணை அந்த எண்ணோடு ஒப்பிடவே கூடாது.

ஃபவுண்டேஷன் பதிப்பில் 11 முதல் சிம்பிள்ஃபோம் போன்ற தனித்தனி சால்வர்களுக்கு (கணக்கைத் தீர்க்கும் நிரல்கள்) பதில் ஃபோம்ரன் வந்துவிட்டது. கோப்புப் பெயர்களும் அங்கே மாறிவிட்டன. கான்ஸ்டன்ட் கோப்புறைக்குள் பாருங்கள்: 'ஃபிசிக்கல்ப்ராப்பர்ட்டீஸ்' இருக்கும். உங்கள் வி2412 தேடுவது அதையேதான், பழைய பெயரில். பெயரை 'டிரான்ஸ்போர்ட்ப்ராப்பர்ட்டீஸ்' என்று மாற்றி, உள்ளே 'விஸ்காசிட்டிமாடல் கான்ஸ்டன்ட்' என்ற வரியை 'டிரான்ஸ்போர்ட்மாடல் நியூட்டோனியன்' என்று ஆக்குங்கள். 'மொமென்டம்டிரான்ஸ்போர்ட்' கோப்புக்கு 'டர்புலன்ஸ்ப்ராப்பர்ட்டீஸ்' என்று பெயரிடுங்கள். எளிய கேஸ் இதோடு ஓடக்கூடும். பல கட்டப் பாய்வு (நீரும் காற்றும் சேர்ந்து ஓடுவது போன்றது), வெப்பப் பரிமாற்றம் என்றால் இந்த ஒட்டுவேலை வேண்டாம். உங்கள் பதிப்போடு வரும் டுடோரியல்களில் நெருக்கமான ஒன்றை நகலெடுத்து, அதில் நண்பரின் மெஷ்ஷையும் (கணக்கிடும் இடத்தைச் சிறு துண்டுகளாகப் பிரித்த வலை) எல்லை மதிப்புகளையும் வையுங்கள்.

இனி எந்தக் கேஸ் கைக்கு வந்தாலும் முதலில் கோப்பின் தலைப்புப் பெட்டியைப் படியுங்கள். பதிப்பு எண்ணுக்கு முன் 'வி' இருக்கிறதா (இருந்தால் ஓப்பன்சிஎஃப்டியுடையது) என்பதே பெரும்பாலும் போதும்.

கேள்வி: நிறுவிய அன்று ஓடியது. மறுநாள் புதிய டெர்மினலில் எந்தக் கட்டளையும் கிடைக்கவில்லை. மறுபடி நிறுவ வேண்டுமா?

பதில்: வேண்டாம். நிறுவுவது வேறு, சூழலை ஏற்றுவது வேறு. ஓப்பன்ஃபோமின் 'இடிசி' கோப்புறையில் உள்ள பாஷ்ஆர்சி கோப்பை ஒவ்வொரு டெர்மினலிலும் 'சோர்ஸ்' கட்டளையால் ஏற்றியாக வேண்டும். உபுண்டுத் தொகுப்பாக நிறுவியிருந்தால், ஃபவுண்டேஷனின் 12 'ஆப்ட்' கோப்புறைக்குள் 'ஓப்பன்ஃபோம்12' என்று இருக்கும்; வி2412 'யுஎஸ்ஆர்' கோப்புறையின் 'லிப்' பகுதியில் இருக்கும். உங்கள் ஹோமில் உள்ள பாஷ்ஆர்சியில் அந்த 'சோர்ஸ்' வரியைச் சேர்த்தால் தானாக ஏறும். ஆனால் இரண்டு பதிப்பு வைத்திருப்பவர் இரண்டு வரியையும் சேர்க்கக் கூடாது. ஒன்றின் சால்வர் மற்றதன் லைப்ரரியை எடுத்துக்கொண்டு, சம்பந்தமே இல்லாத பிழைச்செய்தியைக் காட்டும், ஆளைச் சுற்றவிடும். பதிப்புக்கு ஓர் ஏலியாஸ் (கட்டளைக்கு வைக்கும் சுருக்கப் பெயர்) எழுதி, டெர்மினலுக்கு ஒன்றை மட்டும் ஏற்றுங்கள்.

கேள்வி: புதிய பதிப்பை நிறுவினால் நான் எழுதிய சால்வர் அழிந்துவிடுமா?

பதில்: அழியாது. தொகுப்பின் பெயரிலேயே எண் இருப்பதால் பழையது அப்படியே இருக்கும். உங்கள் சால்வரைப் புதியதில் ஓப்பன்ஃபோமின் கம்பைல் கட்டளையான 'டபிள்யூமேக்' கொடுத்து மீண்டும் கம்பைல் செய்ய வேண்டியிருக்கும்.