அந்தக் கடனை வாங்காதீர்கள்

கடன் வாங்கியாவது மகளை ஆரக்கிள் கம்பெனியின் டேட்டாபேஸ் (தகவல்களைச் சேமித்துத் தேடித்தரும் மென்பொருள்) கோர்ஸில் சேர்த்துவிடுங்கள் என்று மைத்துனர் விடாமல் நச்சரிக்கிறார், என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். பதற வேண்டாம், நேரம் இருக்கிறது. ஆனால் அந்தக் கடன் மட்டும் வேண்டாம்.

ஓசியில் கிடைக்கும் டேட்டாபேஸைப் படித்தால் யார் வேலை தருவார்கள் என்கிறாராம். சரி, ஆரக்கிளே கற்பவர்களுக்கு இலவசப் பதிப்பு ஒன்று வைத்திருக்கிறதே! மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸான எஸ்க்யூஎல் சர்வரின் டெவலப்பர் எடிஷனும் இலவசம்தான். எழுதிப் பார்க்கலாம், சோதிக்கலாம், வாடிக்கையாளர் பயன்படுத்தும் சர்வரில் மட்டும் ஓட்டக்கூடாது. லைசென்ஸ் காசு என்பது கம்பெனி கொடுப்பது, பெரும்பாலும் சர்வரின் பிராசஸரில் எத்தனை கோர் இருக்கிறது என்ற கணக்கில். படிக்கிற பிள்ளை அதற்காக ஏன் கடனாளியாக வேண்டும்?

ஒரு புரோகிராம் ஏன் மெதுவாக ஓடுகிறது என்று ராத்திரியெல்லாம் நோண்டிக்கொண்டே இருக்கிறாள் என்று போகிறபோக்கில் புலம்பியிருக்கிறீர்களே, எனக்கு முக்கியமாகப் பட்டது அதுதான். இப்படிப்பட்ட பெண்ணுக்கு போஸ்ட்கிரெஸ்க்யூஎல் என்ற இலவச டேட்டாபேஸ் சரியாகப் பொருந்தும். 1986இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஆராய்ச்சியிலிருந்து வளர்ந்தது. வீட்டு லேப்டாப்பிலேயே போதும்: பத்து லட்சம் வரிசைகள் உள்ள டேபிள் ஒன்றை உருவாக்கி, அதில் ஒரே ஒரு பெயரைத் தேடும் குவெரிக்கு (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்விக்கு) முன்னால் எக்ஸ்ப்ளெய்ன் அனலைஸ் என்ற கட்டளையைப் போட்டால், டேபிள் முழுவதையும் துழாவியதையும் அதற்குப் பிடித்த மில்லி செகண்டுகளையும் திரையில் காட்டும், புத்தகத்தின் கடைசியில் இருக்கும் சொல்லடைவு மாதிரி அந்தப் பெயர்களுக்கு இண்டெக்ஸ் ஒன்று போட்டுவிட்டு மறுபடி ஓட்டினால் தேடும் வழியே மாறியிருக்கும். அப்புறம் பேக்கப் எடுத்துவிட்டு, டேட்டாபேஸை வேண்டுமென்றே அழித்து மீட்டெடுக்கட்டும். இன்னும் ஆழமாகப் போக ஆசைப்பட்டால் மூலநிரலே திறந்து கிடக்கிறது, காசு கொடுத்து வாங்கும் டேட்டாபேஸில் அந்தக் கதவு பூட்டியிருக்கும்.

லைசென்ஸையும் படிக்கச் சொல்லுங்கள், பலர் தொடாத பக்கம் அது. போஸ்ட்கிரெஸ்க்யூஎல் உரிமம் சில பத்திகள்தான்: பதிப்புரிமைக் குறிப்பையும் அந்தப் பத்திகளையும் வைத்துக்கொண்டால் போதும், மாற்றலாம், மூடிய (மூலநிரலை வெளியே காட்டாத) மென்பொருளில் சேர்த்து விற்கவும் செய்யலாம். ஆரக்கிளிடம் இருக்கும் இன்னொரு டேட்டாபேஸான மைஎஸ்க்யூஎல் கதை வேறு, அதன் இலவசப் பதிப்பு ஜிபிஎல் உரிமத்தில் வருகிறது, அதைச் சேர்த்து உருவாக்கியதை வெளியே கொடுத்தால் மூலநிரலையும் திறந்து கொடுக்கச் சொல்லும் உரிமம் அது. அதைத் தன் மூடிய மென்பொருளோடு சேர்த்து விற்க நினைக்கும் கம்பெனி ஆரக்கிளிடம் வணிக லைசென்ஸ் வாங்க வேண்டிவரும். இந்த வித்தியாசம் தெரிந்த டெவலப்பரைக் கம்பெனி கைநழுவ விடாது.

வேலைக்குப் போகிற இடத்தில் ஆரக்கிள் இருந்தால் அங்கே பழகிக்கொள்வாள், குவெரி எழுதும் மொழியான எஸ்க்யூஎல்லின் அடிப்படை எல்லாவற்றிலும் பெரும்பாலும் ஒன்றுதான். மைத்துனரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், அவளைப் பதில் சொல்ல வைக்காதீர்கள்.