மழை பெய்தால் இருமும் பக்கியும் கடைக்காரரின் பலகையும்

கேள்வி (சாட்ஸ்வர்த், டர்பன், தென் ஆப்பிரிக்கா): அண்ணா, என்னிடம் 2004 மாடல் நிசான் 1400 பக்கி (பின்னால் திறந்த சின்னச் சாமான் வண்டி) இருக்கிறது. வெயில் நாளில் ஒரு குறையும் இல்லை. ராத்திரி மழை பெய்தால் காலையில் ஸ்டார்ட் ஆகாமல் இருமுகிறது, வெயில் ஏறியதும் தானாகச் சரியாகிவிடுகிறது. பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் கேப்பும் (மூடி), அதற்குள் சுழலும் ரோட்டரும் மாற்றச் சொல்கிறார்கள். கடையில் இரண்டு விதம் இருக்கிறது, ஒன்று மற்றதைவிட மூன்று மடங்கு விலை. கவுண்டரில் 'எலக்ட்ரிக்கல் சாமான் திரும்ப எடுக்க மாட்டோம்' என்று பலகை வேறு. எதை வாங்க? சரியில்லை என்றால் காசு போனதுதானா?

பதில்: போகாது தம்பி. ஆனால் வாங்குவதற்கு முன்னால் காசே செலவில்லாத ஒரு வேலை இருக்கிறது. அடுத்த முறை இருமும்போது சாவியை எடுத்துவிட்டு, கேப்பைக் கழற்றி உள்பக்கம் காய்ந்த துணியால் நன்றாகத் துடைத்து மாட்டுங்கள். உடனே கிளம்பினால் கோளாறு பெரும்பாலும் அங்கேதான். துடைத்த கையோடு உள்ளே வெளிச்சம் அடித்துப் பாருங்கள், பென்சிலால் கிறுக்கினது போல மெல்லிய கருங்கோடு தெரிகிறதா? பிளக்குக்குப் போக வேண்டிய மின்சாரம் ஈரத்தில் வழி தப்பி ஓடிய தடம் அது. அந்தக் கோடு விழுந்துவிட்டால் எவ்வளவு துடைத்தாலும் அடுத்த மழைக்கு மறுபடி இருமும், மாற்றத்தான் வேண்டும். டர்பன் பக்கத்து ஈரக்காற்றுக்கு இது சகஜம்.

விலையைப் பார்த்து வாங்காதீர்கள். கேப்பைக் கவிழ்த்துப் பாருங்கள். உள்ளே இருக்கும் முனைகள் மஞ்சளாக இருந்தால் பித்தளை, வெள்ளையாக இருந்தால் பெரும்பாலும் அலுமினியம். அலுமினியம் சீக்கிரம் வெள்ளைப் பொடி பூத்து அரித்துப் போகும். நடுவில் இருக்கும் கார்பன் பொட்டை விரலால் அமுக்கினால் ஸ்பிரிங் மாதிரி எழும்பி வர வேண்டும். மலிவானதிலும் பித்தளை இருந்து, இதெல்லாம் சரியாக இருந்தால் தாராளமாக வாங்கலாம். ரோட்டரையும் கூடவே மாற்றுங்கள், முனை தேய்ந்த பழைய ரோட்டரோடு புது கேப்பைப் போடுவது பாதி வேலைதான்.

பழைய கேப், ரோட்டர் இரண்டையும் கட்டாயம் கடைக்கு எடுத்துக்கொண்டு போங்கள். அந்த பக்கியின் தயாரிப்பு 2008-லேயே நின்றுபோனது, அலமாரியில் இருப்பதெல்லாம் யார் யாரோ செய்தது, 'பதினாலு நூறுக்கு ஒரு கேப்' என்று வாயால் கேட்டால் கைக்கு வந்ததை எடுத்து நீட்டுவார்கள். கிளிப் மாட்டும் இடம், கீழே இருக்கும் வெட்டு, உயரம், ரோட்டர் உட்காரும் துளை எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நான் ஒருமுறை மாட்டிப் பார்க்காமலே வாங்கி வந்து, அது உட்காராமல், ஒரு சனிக்கிழமை முழுக்க வீணாய்ப் போனது.

அந்தப் பலகைக்கு வருவோம். 2011 முதல் நடப்பில் இருக்கும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 56-ஆம் பிரிவுப்படி, சாமானில் குறை இருந்தால் 6 மாதத்துக்குள் திருப்பிக் கொடுக்கலாம். ரிப்பேரா, வேறொன்றா, பணமா என்பதை முடிவு செய்வது நீங்கள், கடைக்காரர் இல்லை. எந்தப் பலகையும் அதை அழிக்காது. ஆனால் நீங்களே தப்பான சாமானை வாங்கினாலோ, மாட்டும்போது உடைத்தாலோ அது அவருடைய குறை ஆகாது, பலகை வேலை செய்வது அங்கேதான். பில்லைப் பத்திரமாக வையுங்கள்.

மாட்டும்போது வயர்களை மொத்தமாகப் பிடுங்காதீர்கள். உங்கள் எஞ்சினின் நாலு சிலிண்டரும் 1-3-4-2 என்ற வரிசையில்தான் வெடிக்கின்றன, வயர் இடம் மாறினால் அந்த வரிசை கெட்டுவிடும், பழைய கேப்பிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் புதியதில் அதே இடத்தில் செருகினால் குழப்பமே வராது.

கேள்வி (பீனிக்ஸ், டர்பன்): கராஜில் ரோட்டர் மாற்றியதாகப் பில் போட்டார்கள் அண்ணா, ஆனால் மாற்றின மாதிரியே தெரியவில்லை. என்ன கேட்கலாம்?

பதில்: பழையதைக் கேளுங்கள். அதே சட்டத்தின் 67-ஆம் பிரிவு, வேண்டாம் என்று நீங்கள் சொல்லாதவரை, கழற்றிய சாமானை வைத்திருந்து உங்களிடம் கொடுக்கச் சொல்கிறது. 'தூக்கிப் போட்டுவிட்டோம்' என்றால் எழுதித் தரச் சொல்லுங்கள், பாதிப் பேருக்கு அப்போதுதான் குப்பைக்கூடை ஞாபகம் வரும். உண்மையிலேயே மாற்றியிருந்தால் அந்தச் சாமானுக்கும் வேலைக்கும் 57-ஆம் பிரிவில் 3 மாத உத்தரவாதம் இருக்கிறது. அடங்கவில்லை என்றால் மோட்டார் தொழில் ஆம்புட்ஸ்மனுக்கு (வண்டிக் கடை, கராஜ் மேல் வரும் புகார்களை விசாரிக்கும் அமைப்பு) புகார் எழுதலாம், பில் நகலோடு.