மாத்திரைக்கே மாசம் ஆறாயிரம்... க்ளெய்மும் இல்லன்னுட்டாங்க!

கேள்வி: வணக்கம்க்கா. எங்கப்பாவுக்கு 67 வயசு. சுகர், பிரஷர் ரெண்டும் இருக்கு, எட்டு மாசம் முன்னாடி ஸ்டென்ட் வேற வெச்சோம். மாத்திரைக்கு மட்டும் மாசம் ஆறாயிரத்தைத் தாண்டுது. 2018லேர்ந்து ஒரு வருஷம்கூட விடாம ஹெல்த் இன்சூரன்ஸ் கட்டுறோம். ஆனா ஸ்டென்ட் வெச்சப்போ, "பாலிசி எடுக்கும்போதே சுகர் இருந்ததை மறைச்சிட்டீங்க"ன்னு ஒத்த வரியில ரிஜெக்ட் பண்ணிட்டாங்க. ரெண்டே முக்கால் லட்சம், அம்மா நகையை அடகு வெச்சுத்தான் கட்டினோம். இத்தனை வருஷம் கட்டின பணம் எதுக்குக்கா? மாத்திரைக்காவது இன்சூரன்ஸ்ல தருவாங்களா?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: முதல்ல க்ளெய்மைப் பாப்போம்மா, ஏன்னா அதுக்குத்தான் நாள் ஓடிட்டிருக்கு. நீங்க 2018லேர்ந்து விடாம கட்டியிருக்கீங்க இல்லையா, அதுதான் உங்க பலம். அஞ்சு வருஷம், அதாவது 60 மாசம் தொடர்ந்து கட்டின பாலிசியில "நீ சொல்லாம மறைச்சிட்ட"ன்னு காரணம் காட்டி க்ளெய்மைத் தள்ள முடியாதுன்னு, இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கட்டுப்படுத்துற ஐஆர்டிஏஐ அமைப்போட விதி இருக்கு. முன்னாடி எட்டு வருஷமா இருந்ததை 2024ல அஞ்சாக் குறைச்சாங்க. வேணும்னே மோசடி பண்ணினீங்கன்னு அவங்க நிரூபிச்சாத்தான் மறுக்கலாம், அந்த ஒத்த வரி லெட்டர் நிரூபணம் ஆகாது. ஏஜென்ட் ஃபார்மை அவரே ஃபில்லப் பண்ணிட்டு கையெழுத்து மட்டும் வாங்கிட்டுப் போற ஊரு இது, அப்பா மறைச்சார்னு சொல்றதை என்னால ஏத்துக்கவே முடியல.

கம்பெனியோட குறைதீர்ப்பு அதிகாரிக்கு இந்த 60 மாச விதியைக் குறிப்பிட்டு இன்னிக்கே மெயில் போடுங்க. 30 நாள்ல பதில் வரலன்னாலும், வந்த பதில் திருப்தியா இல்லன்னாலும் சென்னையில இருக்கிற இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மன்கிட்ட, அதாவது இன்சூரன்ஸ் புகாரை விசாரிச்சுத் தீர்ப்பு சொல்றவர்கிட்ட போகலாம், ஃபீஸ் கிடையாது, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் வரைக்கும் கேக்கலாம். ஒரு வருஷத்துக்குள்ள போகணும், அதனால தள்ளிப் போடாதீங்க.

மாத்திரைக்குத் தருவாங்களான்னு கேட்டீங்க. நாம சாதாரணமா எடுக்குற பாலிசி ஆஸ்பத்திரியில அட்மிட் ஆனாத்தான் பணம் தரும், தினசரி மாத்திரைக்குத் தராது. அட்மிட் ஆகாம பாக்குற வைத்தியத்துக்கு ஓபி கவர்னு தனியா வாங்கியிருந்தாத்தான் உண்டு. ஆனா டிஸ்சார்ஜ் ஆன பிறகு நிறைய பாலிசில 60 நாள், சிலதுல 90 நாள் வரைக்கும், அந்த வியாதிக்காக வாங்கின மருந்து, எடுத்த டெஸ்ட் பில்லெல்லாம் க்ளெய்ம்ல சேரும். இது தெரியாமத்தான் முக்கால்வாசிப் பேர் மெடிக்கல் பில்லைக் கசக்கிப் போட்டுடுறோம். உங்ககிட்ட அந்த ரெண்டு மாச பில்லும் டாக்டர் சீட்டும் இருந்தா புகாரோட சேத்து அனுப்புங்க.

இனிமே அந்த ஆறாயிரத்தை எப்படிக் குறைக்கிறதுன்னு பாப்போம். அப்பாவோட மாத்திரை அட்டை ஒண்ணை வெளிச்சத்துல புடிச்சுப் பாருங்க. பெரிய எழுத்துல இருக்கிறது கம்பெனி வெச்ச பேரு, பொடி எழுத்துல இருக்கிறதுதான் மருந்து. எங்க மாமியாருக்கு சுகருக்கு எம்பாக்ளிஃப்ளோசின் எழுதினாங்க, ஒரு மாத்திரை அறுபது ரூபாகிட்ட. 2025 மார்ச்ல அதோட பேடன்ட், அதாவது ஒரே கம்பெனி மட்டும் செய்யலாம்ங்கிற உரிமை முடிஞ்சு நம்மூர் கம்பெனிங்க நிறைய பேர் செய்ய ஆரம்பிச்சதும் பத்து ரூபாய்க்குக் கீழகூட வந்துடுச்சு. நாங்க அது தெரியாம பழைய சீட்டையே நீட்டி ரெண்டு மாசம் பழைய விலையே கொடுத்திட்டிருந்தோம், கடையில யாரும் ஒரு வார்த்தை சொல்லல. சீட்டுல எழுதின பிராண்டைக் கடைக்காரர் தானா மாத்திக் கொடுக்கவும் கூடாது, அதனால டாக்டர்கிட்ட நேராவே, "மருந்து பேரை மட்டும் எழுதுங்க சார், விலை தாங்கல"ன்னு கேளுங்க. கேக்குறதுல வெக்கமே இல்லம்மா. மருந்து பேர்லதான் எழுதணும்னு 2023 ஆகஸ்ட்ல தேசிய மருத்துவ ஆணையம் விதி கொண்டு வந்து அதே மாசமே நிறுத்தியும் வெச்சுட்டாங்க, எனக்கு இன்னும் ஆறாத கோபம் அது.

அந்தச் சீட்டை எடுத்துட்டு, குறைஞ்ச விலைக்கு மருந்து விக்கிற மத்திய அரசோட ஜன் ஔஷதிக்கோ, தமிழ்நாடு அரசு 2025 பிப்ரவரில ஆரம்பிச்ச முதல்வர் மருந்தகத்துக்கோ போய் விலை கேட்டுப் பாருங்க. சுகர், பிரஷர் மாத்திரை மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீட்டுக்கே வரும், உங்க ஏரியா ஆரம்ப சுகாதார நிலையத்துல பேரைக் கொடுங்க. கவர்மென்ட் மாத்திரை வேலை செய்யாதுன்னு அப்பா சொன்னா, அரசு ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து வாங்கி அனுப்பற, 1994ல ஆரம்பிச்ச தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் லேப்ல டெஸ்ட் பண்ணித்தான் அனுப்புதுன்னு சொல்லுங்க.

ஒண்ணே ஒண்ணு. ஸ்டென்ட் வெச்சவருக்கு ரத்தம் உறையாம இருக்கக் கொடுக்கிற மாத்திரையை, காசு இல்லன்னு ஒரு நாள்கூட நிறுத்திடாதீங்க, பாதியா உடைச்சும் கொடுக்காதீங்க. ஸ்டென்ட் அடைச்சுக்கும். கையில பணம் இல்லாத மாசம் தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்கு அப்பாவைக் கூட்டிட்டுப் போங்க, டிஸ்சார்ஜ் சம்மரியைக் காட்டி இதய ஓபியில கேளுங்க.